இரவில் ஆர்வி நிறுத்த இடம்: அது யாருடைய நிலம் என்று முதலில் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஜூன் கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வாடகை ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய வீட்டு வண்டி) எடுத்து, யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாகக் கிழக்கே 395 நெடுஞ்சாலையில் இறங்கி, ஒரு வாரம் சுற்றிவரப் போகிறீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இரண்டு குழந்தைகளோடு சேர்த்து ஆறு பேர், 30 அடி வண்டி. பாதி நாட்களுக்கு முகாம் முன்பதிவு கிடைக்கவில்லை. "வழியில் வரும் ஊர்களில் எங்காவது நிறுத்தித் தூங்கலாமா, வால்மார்ட்டில் விடுவார்களா, நடு ராத்திரியில் போலீஸ் கதவைத் தட்டினால் பெரியவர்கள் பயந்துவிடுவார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தூங்கலாம், யாரும் தட்டாமலும் தூங்கலாம். பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கமெல்லாம் ஆர்வியில் போய்வந்து கொண்டிருக்கிறேன். இடம் கிடைக்காமல் திண்டாடிய இரவுகளை எண்ணிப் பார்த்தால் எல்லாவற்றிலும் தவறு ஒன்றுதான்: "காலியாக இருக்கிறதா" என்று பார்த்தேன், "யாருடைய நிலம்" என்று பார்க்கவில்லை. அமெரிக்காவில் காலி இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. நகராட்சியோ, கவுண்டியோ (நம் ஊர் மாவட்டம் மாதிரி), கடையோ, வனத்துறையோ, யாரோ ஒருவர். அவர் சரி என்று சொன்ன இடத்தில் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதலில் ஊர்த் தெருக்களை விட்டுவிடுங்கள். கலிஃபோர்னியா நகரங்களில் பெரிய வண்டிகளுக்கான விதி வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டே வருகிறது. சான் டியேகோவில் 27 அடிக்கு மேல் நீளமும் 7 அடிக்கு மேல் உயரமும் உள்ள வண்டி, அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை நகரத் தெருக்களில் நிற்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் 2025-ல் பெரிய வண்டிகளுக்கு இரண்டு மணி நேர வரம்பு கொண்டுவந்தார்கள். உங்கள் பக்கத்து ஊரான மவுன்டன் வியூவில் 2020 நவம்பரில் மக்களே வாக்களித்து, 40 அடியும் அதற்குக் குறைவான அகலமும் உள்ள தெருக்களில் பெரிய வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். அந்த ஊரில் பெரும்பாலான தெருக்கள் அந்த அகலம்தான்.

அந்தத் தடை ஏன் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மவுன்டன் வியூவில் கிரிசாண்டோ அவென்யூ பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், ரயில் பாதையை ஒட்டி ஆர்விகள் வரிசையாக நின்றிருக்கும். அவை சுற்றுலா வண்டிகள் இல்லை, வீடுகள். வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குள் குடியிருந்தவர்கள். உணவகத்திலும் கட்டட வேலையிலும் இருந்தவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். தடையை எதிர்த்து வழக்கு நடந்து, 2022-ல் சமரசம் ஆகி, குறைந்தது மூன்று மைல் தெருவையாவது பெரிய வண்டிகளுக்கு விட்டுவைக்க நகரம் ஒப்புக்கொண்டது. ஆரெகனின் கிராண்ட்ஸ் பாஸ் நகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், பொது இடத்தில் படுத்துறங்குவதற்கு நகரங்கள் தண்டம் விதிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம் பல ஊர்கள் துணிந்து விதிகளை இறுக்கின. ஆக, தெருவோரம் மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச இடம் வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு வேண்டும். விடுமுறைக்குப் போகிற நாம் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நமக்குப் பணம் கட்டி நிற்க வழி இருக்கிறது.

அடுத்து, நம் ஆட்கள் எல்லாரும் முதலில் நினைப்பது நண்பர் வீடு. "வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் வாங்க" என்று நண்பர் மனதாரச் சொல்வார். ஆனால் அவர் வீடு இருக்கும் குடியிருப்புக்கு எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், இருந்தால், வாசல் அவருடையதாக இருந்தாலும் அங்கே ஆர்வி நிற்கலாமா என்று முடிவு செய்வது சங்கம்தான். பல சங்கங்கள் சாமான் ஏற்றி இறக்க ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் விடும். சில அதுவும் விடாது. நாங்கள் சாக்ரமென்டோ பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு இரவு நின்றோம். விருந்து, அரட்டை என்று பொழுது நன்றாகத்தான் போனது. மூன்று வாரம் கழித்து அவருக்குச் சங்கத்திலிருந்து படத்தோடு கடிதம் வந்தது. அபராதத்தை நான் கட்டுகிறேன் என்றாலும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, அழைப்பு வந்தால் "உங்கள் எச்ஓஏ விதியில் ஆர்வி பற்றி என்ன இருக்கிறது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்று நானே கேட்டுவிடுகிறேன். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நண்பர் வீட்டில் இன்னொரு ஆபத்து மின்சாரம். வண்டிக்கு வேண்டியது 30 ஆம்ப். கராஜ் சுவரில் இருப்பது 15 அல்லது 20. அடாப்டர் மாட்டி, கராஜில் கிடக்கும் ஒல்லியான ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்து ஏசியைப் போட்டால், பத்தே நிமிடத்தில் வயரின் முனையைத் தொட முடியாது. ஒரு முறை பிளக்கின் பிளாஸ்டிக் இளகி, சுவரோடு ஒட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அப்படி நின்றால் விளக்கு, ஃப்ரிட்ஜ், பேட்டரி சார்ஜ் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயர் 10 அல்லது 12 கேஜ் தடிமனில் இருக்கட்டும். பெரியவர்களை வீட்டுக்குள் படுக்க வைத்துவிடுங்கள்.

சரி, வால்மார்ட். எல்லா வால்மார்ட்டிலும் நிற்கலாம் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நிறுவனம் சொல்வது வேறு: இடமும் உள்ளூர்ச் சட்டமும் அனுமதித்தால், அந்தந்தக் கடை மேலாளர் முடிவு செய்யலாம். ஆகவே போவதற்கு முன் கடைக்குப் போன் செய்து மேலாளரிடமே கேளுங்கள். "இன்று இரவு ஓர் ஆர்வி, ஒரே இரவு, காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவோம்" என்று சொன்னால் போதும். சரி என்றால் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பெரிய கடையின் வாகனத் திடலில், பக்கத்தில் இன்னும் மூன்று ஆர்விகள் நிற்கின்றன என்ற தைரியத்தில் கேட்காமல் நின்றேன். ராத்திரி இரண்டு மணிக்குக் காவலர் டார்ச்சோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். மற்ற மூவரும் அனுமதி வாங்கியிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் குழந்தைகளுக்கு பெல்ட் போட்டு, இருட்டில் இன்னொரு இடம் தேடி நாற்பது மைல் ஓட்டினேன். மாலையிலேயே ஒரு போன் செய்திருந்தால் அந்த நாற்பது மைல் இல்லை.

கடைத் திடலில் நிற்கும்போது அது முகாம் இல்லை என்ற நினைப்பு வேண்டும். நாற்காலி வெளியே வராது, பந்தல் விரிக்கக் கூடாது, அடுப்பு வெளியே கூடாது, பக்கவாட்டில் நீளும் ஸ்லைடைக்கூட முடிந்தால் உள்ளேயே வையுங்கள். கடை வாசலிலிருந்து தள்ளி ஓரமாக நில்லுங்கள். உள்ளே போய்ப் பாலோ பழமோ ஏதாவது வாங்குங்கள். லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை நிலையங்களுக்கும் இதே விதிதான். அங்கே லாரிக்கான நீள இடத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். சரக்கு லாரி ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டியபின் 10 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அவர் இடத்தில் நின்றால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

ஆனால் உங்கள் வழியில் இந்த வால்மார்ட் பேச்சே தேவைப்படாது. 395-ல் நீங்கள் தங்கப் போகும் லீ வைனிங், பிஷப், லோன் பைன் எதிலும் வால்மார்ட் கிடையாது. தேவையும் இல்லை. இந்தப் பாதை பொது நிலத்தின் சொர்க்கம். ஆனால் யாருடைய நிலம் என்ற கேள்வி இங்கேதான் மிகவும் முக்கியம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிஷப்பிலிருந்து லோன் பைன் வரை சாலையின் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் வெட்டவெளி. புல், ஓடை, ஓடையோரம் வில்லோ மரங்கள், மண் பாதைகள், ஆள் அரவம் இல்லை. யாருக்குமே "இங்கேயே நிறுத்தலாமே" என்று தோன்றும். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் அந்த நிலத்தில் பெரும்பகுதி 200 மைலுக்கு அப்பால் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குச் சொந்தம். 1900-களின் தொடக்கத்தில் அந்த நகரம் தண்ணீருக்காக இங்கே பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கியது. 1913-ல் கால்வாய் திறந்து ஓவன்ஸ் ஆற்று நீரைத் தெற்கே கொண்டுபோனது. ஓவன்ஸ் ஏரி வற்றிப்போய்ப் புழுதிக் காடானது அதன் விளைவுதான். அந்த நிலத்தின் சொந்தக்காரர் இன்றும் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர் மின் துறையே. பகலில் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். இரவில் தங்கக் கூடாது. இது தெரியாமல் ஓடையோரம் நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் எழுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர்.

கொஞ்சம் மலைப்பக்கம் ஏறினால் பிஎல்எம் நிலம் வரும், அதாவது கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை. அதற்கும் மேலே இன்யோ தேசிய வனம். இந்த இரண்டிலும், தடை போடாத பகுதிகளில், முகாமுக்கு வெளியேயும் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். ஆனால் அதற்கான மண் பாதைகள் சின்ன வேனுக்கு ஏற்றவை. 30 அடி வாடகை வண்டியை மணலில் இறக்கினால் இழுத்துப்போகும் டோ வண்டிக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கும். செப்பனிடாத சாலையில் ஓட்டுவதைப் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் தடுக்கின்றன, ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். லோன் பைனுக்கு மேற்கே அலபாமா ஹில்ஸ் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். 2019-ல் அது தேசிய எழில் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் பெருகி, செடிகளை மிதித்து, கண்ட இடத்தில் வண்டி ஏற்றிப் பாழாக்கியதால், இப்போது குறித்த இடங்களில் மட்டும், அனுமதிச் சீட்டோடுதான் தங்க முடியும்.

உங்களுக்கு ஏற்றவை முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களுக்கு வைத்திருக்கும் எளிய முகாம்கள். பிஎல்எம் நடத்தும் டட்டில் கிரீக், லோன் பைனுக்கு மேலே, விட்னி சிகரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. இன்யோ கவுண்டி நடத்தும் டபூஸ் கிரீக், டயஸ் லேக் இரண்டும் நெடுஞ்சாலையை ஒட்டியவை. பெரும்பாலும் மின் இணைப்பை எதிர்பார்க்க முடியாது, ஆனால் தரை நன்றாக இருக்கும், கழிப்பறை உண்டு. வாயிலில் ஓர் இரும்புக் குழாய் நட்டிருப்பார்கள், பக்கத்தில் காகித உறைகள் இருக்கும். உறையில் வண்டி எண்ணும் தேதியும் எழுதி, காசைப் போட்டு ஒட்டி, முனையில் உள்ள துண்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, உறையைக் குழாயின் வாய்க்குள் தள்ளிவிட வேண்டும். துண்டுச் சீட்டு வண்டியின் முன்கண்ணாடியில் இருக்கட்டும். காவலர் அதிகாலையில் வந்தால் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். குழாய் சில்லறை தராது. ஐந்து, பத்து, ஒரு டாலர் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசி என்பதால் உயரத்தையும் பாருங்கள். லோன் பைன் சுமார் 3,700 அடி. பகல் வெயில் கொளுத்தும், இரவும் சீக்கிரம் ஆறாது. இணைப்பு இல்லாத முகாமில் ஏசி வேண்டுமானால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், இரவு பத்து மணிக்குமேல் அதை ஓட்டினால் பக்கத்தில் தூங்குபவர்களுக்கு நியாயமில்லை, பல இடங்களில் தடையும் உண்டு. வயதானவர்கள் இருக்கிற வண்டிக்கு 7,000 அடி உயரத்தில் கிரவுலி ஏரி பக்கம் இருக்கும் பிஎல்எம் முகாம் எவ்வளவோ மேல். அங்கே இரவில் ஏசி பேச்சே வராது, கம்பளிதான் தேடுவீர்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

யோசெமிட்டிக்குள் முன்பதிவு இல்லாமல் சாலையோரமோ வாகனத் திடலிலோ தூங்க முடியாது, அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாமுக்கு ஐந்து மாதம் முன்பே, மாதத்தின் 15-ஆம் தேதி காலை 7 மணிக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறப்பார்கள், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இப்போது உங்களுக்கு வழி, ரத்தாகும் இடங்களுக்குக் காத்திருப்பதுதான். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் காலையும் இரவும் பாருங்கள், ஆட்கள் திட்டத்தை மாற்றி விட்டுவிடுவார்கள். எனக்கு அப்படி இரண்டு முறை கிடைத்தது. கிடைக்காவிட்டால் டயோகா கணவாயைக் கடந்து கிழக்கே லீ வைனிங் பக்கம் இறங்கி, வனத்துறை முகாம்களில் பாருங்கள். வார நாளாக இருந்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கணவாய் 9,943 அடி. கிழக்கே இறங்கும் சரிவு செங்குத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் இறங்குங்கள்.

சாலையோர ஓய்வு நிலையங்களைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் நிற்கலாம். 395-ல் மாமத் பக்கம் கிரெஸ்ட்வியூ, இன்டிபென்டன்ஸுக்கு வடக்கே டிவிஷன் கிரீக் இரண்டும் சுத்தமானவை. லாரி எஞ்சின் சத்தம் இருக்கும், ஆனால் களைத்துப்போன ஓட்டுநர் கண்ணயர அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. வேறு மாநிலத்துக்குப் போனால் கணக்கு மாறும்: ஆரெகனில் 12 மணி நேரம், ஃபுளோரிடாவில் வெறும் 3 மணி நேரம்.

ஒரு சின்ன விலகல். என்றாவது நாட்டைக் குறுக்கே கடந்து கேன்சஸ், நெப்ராஸ்கா பக்கம் போனால், சின்ன ஊர்களின் பூங்காக்களைக் கவனியுங்கள். ஆயிரம் பேர் இருக்கும் ஊர் தன் பூங்காவின் ஓரத்தில் நான்கைந்து ஆர்வி நிற்க இடம் விட்டு, மின் இணைப்பும் கொடுத்து, விரும்பியதைப் பெட்டியில் போடு என்று எழுதி வைத்திருக்கும். வழிப்போக்கனுக்குத் திண்ணை விட்ட ஊரிலிருந்து வந்த நமக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். அந்த ஊரிலேயே பெட்ரோல் போட்டு, அங்கேயே காலை உணவு சாப்பிட்டு விட்டுப் போவதுதான் அவர்களுக்கு நாம் செய்கிற கைம்மாறு.

நிற்கும் இடம் எதுவானாலும் மூன்று காரியங்களைப் பாருங்கள். முதலாவது சமதளம். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் புரொபேன் வாயுவிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும், வண்டி சாய்ந்து நின்றால் அது குளிராது, நாளடைவில் கெட்டும் போகும். போனில் மட்டம் பார்க்கும் செயலியை ஃப்ரிட்ஜ் தரையில் வைத்துப் பாருங்கள், சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகள் வையுங்கள். இரண்டாவது, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது. இருட்டில் மரக்கிளை தெரியாது, அறிவிப்புப் பலகையும் தெரியாது. மூன்றாவது கழிவு நீர், இதில்தான் நம் சமையலுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

ஆறு பேருக்கு மூன்று வேளை பாத்திரம் கழுவினால் கிரே டேங்க் (பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் தொட்டி) இரண்டே நாளில் நிறைந்துவிடும். சாம்பார்ச் சட்டியை அப்படியே கழுவாதீர்கள். முதலில் காகிதத் துண்டால் எண்ணெயும் பருப்பும் போகத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் ஒரு குவளை வெந்நீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் வெயிலில் அந்த டேங்கிலிருந்து கிளம்பும் புளித்த வாடை வண்டி முழுக்க அடிக்கும். "வெறும் பாத்திரம் கழுவின தண்ணிதானே" என்று செடிக்கு அடியில் திறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது சட்ட விரோதம். கரடியை அழைப்பதும்கூட. ஒரு குடும்பம் அப்படிச் செய்ததற்காக அடுத்த வருடம் அந்த இடத்தில் ஆர்விக்கே தடைப் பலகை வந்துவிடும். இதையும் கழிப்பறைக் கழிவு சேரும் டேங்கையும், கழிவைக் கொட்டுவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் மட்டும் திறந்துவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: முதல் இரவு யோசெமிட்டியில் ரத்து கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் மேற்குப் பக்கம் பணம் கட்டி நிற்கும் ஆர்வி பார்க்கில். இரண்டாவது லீ வைனிங். மூன்றும் நான்கும் கிரவுலி ஏரி. ஐந்தாவது இரவு பிஷப் பொருட்காட்சித் திடலில், அங்கே மின் இணைப்போடு ஆர்வி இடம் உண்டு. டேங்க் காலி செய்து, தண்ணீர் நிரப்பி, எல்லாரும் ஆசைதீரக் குளிக்கலாம். ஆறாவது டட்டில் கிரீக், விடியற்காலையில் விட்னி சிவப்பாகும்போது அப்பா அம்மாவை எழுப்பிக் காட்டுங்கள். திரும்பும் வழியில் பேக்கர்ஸ்ஃபீல்ட் வெயிலில் இலவச இடம் தேடாதீர்கள், ஏசி ஓடுகிற மின் இணைப்போடு ஒரு பார்க்கில் நின்றுவிடுங்கள்.

ஒவ்வோர் ஊருக்கும் அவசரமில்லாத போலீஸ் எண் ஒன்று உண்டு, அவசர எண்ணான 911 அல்ல. லீ வைனிங்குக்கு மோனோ கவுண்டி ஷெரிஃப் (கவுண்டியின் காவல் துறை), லோன் பைனுக்கு இன்யோ கவுண்டி ஷெரிஃப். இரண்டு எண்ணையும் கிளம்புவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், மலைக்குள் போனில் சிக்னல் இருக்காது. திட்டமிட்ட இடம் எதுவும் கிடைக்காத மாலையில், சிக்னல் வரும் இடத்தில் நிறுத்தி, "பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள், இன்று இரவு எங்கே நிற்கலாம்" என்று கேளுங்கள். நான் கேட்ட மூன்று முறையும் இடம் சொன்னார்கள். ஒரு முறை, இரவுப் பணியில் இருப்பவரிடமும் சொல்லி வைக்கிறேன், யாரும் தட்ட மாட்டார்கள் என்றார் போனை எடுத்த பெண். யாரும் தட்டவில்லை.